எக்ஸ்ட்ரா பேஸ் என்கிற ஏமாற்று: மெட்டல் கேட்கிற காதுகளுக்கு ஒரு நீள திரெட்

1/ ராக், மெட்டல் கேட்கிற தம்பி தங்கச்சிகளுக்கு முதல்லயே சொல்லிடறேன். பெட்டி மேல கொட்டை எழுத்துல "எக்ஸ்ட்ரா பேஸ்"னு போட்டு விக்கிற ஆயிரம் ரூபாய் இயர்போனை வாங்காதீங்க. அது உங்க பாட்டையும் கெடுக்கும், காதையும் கெடுக்கும். ரெண்டும் ஒரே காரணத்தாலதான் கெடுது. அந்தக் காரணத்தை விளக்கத்தான் இந்த திரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ நான் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்பிபிஎஸ். இஎன்டி ஸ்பெஷலிஸ்ட் இல்லை, சவுண்ட் இன்ஜினியரும் இல்லை. ஆனா ஸ்கூல் படிக்கும்போதே அயர்ன் மெய்டனும் மெட்டாலிகாவும் கேட்டு வளர்ந்த ஆள். அதனால "இந்தக் காட்டுக் கத்தலைக் கேட்காதே"ன்னு அட்வைஸ் பண்ண வரலை. காதுக்கு மெட்டலும் தெரியாது, கந்த சஷ்டி கவசமும் தெரியாது. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம், இது ரெண்டு மட்டும்தான் தெரியும்.

3/ ஓபியில "காதுல ஙொய்ங்குன்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு சார்"னு வர்ற பசங்ககிட்ட ரெண்டு கேள்வி கேட்பேன். என்ன வேலை? பஸ்ஸுல என்ன மாட்டிக்கிட்டு வர்றீங்க? பெரும்பாலும் பதில் ஒரே மாதிரி இருக்கும். பகல்ல மெஷின் சத்தம். போக வர ரெண்டு மணி நேரம் கம்பெனி பஸ். காதுல மலிவான பேஸ் இயர்போன், வால்யூம் ஃபுல்லு. "அப்பத்தான் சார் பாட்டே கேக்குது"ன்னு சொல்வாங்க. அவங்க பொய் சொல்லலை. அந்த இயர்போன்ல அப்படி வச்சாத்தான் கேட்கும்.

4/ முதல்ல காதைப் பத்திக் கொஞ்சம். உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு, பேரு காக்ளியா. அதுக்குள்ள ஒலியை நரம்புக்குக் கொண்டு சேர்க்கிற மயிரிழை செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. கண்ணுல ஒளியைப் பிடிக்கிற செல்கள் 10 கோடிக்கு மேல. காதுக்குக் கிடைச்சது வெறும் 15,000. பிறக்கும்போது கொடுத்ததுதான், மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. மாத்திரை, சொட்டு மருந்து, ஆபரேஷன் எதுவும் அதைத் திருப்பித் தராது.

5/ அதிக சத்தத்துல முதல்ல அடி வாங்குறது 3,000லிருந்து 6,000 ஹெர்ட்ஸ் வரைக்குமான பகுதி. ஆடியோகிராம் எடுத்தா 4,000 பக்கத்துல ஒரு பள்ளம் விழுந்திருக்கும். இந்தப் பகுதியிலதான் ஸ, ஷ, ச மாதிரி மெய்யொலிகளோட கூர்மை இருக்கு. அது போச்சுன்னா ஒருத்தர் பேசுறது காதுல விழும், என்ன வார்த்தைன்னு புரியாது. கல்யாண வீட்டுல யாராவது பேசினா சும்மா தலையாட்டுற நிலைமைக்கு 60 வயசுல வர வேண்டியவங்க 35லயே வந்துடுவாங்க.

6/ மெட்டல் ரசிகருக்கு இதுல இன்னொரு நஷ்டம் இருக்கு. கிட்டாரோட கடி, டிரம் குச்சி தோல்ல விழுற "டக்", சிம்பலோட பளபளப்பு எல்லாம் இதே பகுதியிலயும் இதுக்கு மேலயும்தான் இருக்கு. எந்தச் சத்தத்துக்காக இந்த இசையை நேசிக்கிறீங்களோ, அதைக் கேட்கிற செல்களைத்தான் முதல்ல காவு கொடுக்கறீங்க.

7/ இப்ப கணக்கு. பெரியவங்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபல்ல 40 மணி நேரம் வரைக்கும் பாதுகாப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சின்னப் பசங்களுக்கு 75 டெசிபல். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83ல 20 மணி நேரம். 86ல 10. 89ல 5. 92ல இரண்டரை. 95ல ஒண்ணேகால் மணி நேரம். 98ல வெறும் 37 நிமிஷம் சொச்சம். இது நாளைக்கு இல்லீங்க, ஒரு வாரத்துக்கு.

8/ மெட்டாலிகாவோட 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' 1986ல வந்தது. ஆல்பம் மொத்தம் கிட்டத்தட்ட 55 நிமிஷம். 98 டெசிபல்ல ஒரு தடவை முழுசா கேட்டா அந்த வாரத்து ரேஷன் ஆறாவது பாட்டுலயே முடிஞ்சுடும். 83 டெசிபல்ல வச்சா? அதே ஆல்பத்தை வாரத்துக்கு 20 தடவைக்கு மேல கேட்கலாம். யார் பெரிய ரசிகர்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

9/ மெட்டலுக்குன்னு தனியா ஒரு சிக்கலும் உண்டு. கர்நாடக சங்கீதக் கச்சேரிப் பதிவுல ஆலாபனை தாழ்ந்து போகும், தனி ஆவர்த்தனம் ஏறும். காதுக்கு நடுநடுவுல ஓய்வு கிடைக்கும். நவீன மெட்டல் பதிவுகள்ல எல்லாத்தையும் அமுக்கி ஒரே உயரத்துல நிறுத்தியிருப்பாங்க. 2008ல வந்த 'டெத் மேக்னடிக்' ஆல்பத்தை இதுக்காகவே ரசிகர்கள் திட்டித் தீர்த்தாங்க. அதே வால்யூம்ல வச்சாலும், அதே நேரம் கேட்டாலும், இந்த மாதிரிப் பதிவுல காதுக்குப் போற டோஸ் அதிகம்.

10/ சரி, பேஸ் விஷயத்துக்கு வருவோம். பேஸ் கிட்டாரோட அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். கிட்டாரோட அடிக் கம்பி 82 ஹெர்ட்ஸ். இறக்கி டியூன் பண்ற பேண்டுகள்ல கிட்டாரே 55, 60க்கு வந்துடும். ஆனா அந்தக் கிட்டாரோட குணம் எல்லாம் சில நூறு ஹெர்ட்ஸ்லருந்து 5,000 வரைக்கும் பரந்து கிடக்கு. டிஸ்டார்ஷன்னு சொல்றோமே, அதோட உயிர் அங்கதான்.

11/ மலிவான பேஸ் இயர்போன்ல என்ன பண்றாங்க? நிஜமான ஆழத்தைக் கொடுக்கறது கஷ்டம். அதுக்குப் பதிலா 100லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரே தூக்கா தூக்கி விட்டுடறாங்க. கடையில மாட்டிப் பார்க்கிற முப்பது செகண்ட்ல "அடேங்கப்பா"ன்னு இருக்கும். அதுவே இட்லி மாவுல சோடா உப்பு அள்ளிப் போடற வேலை. பார்க்க உப்பும், சாப்பிட்டா தெரியும்.

12/ நம்ம காதுக்கு ஒரு இயல்பு உண்டு. தாழ்ந்த ஒலி உரக்க ஒலிச்சா, அதுக்கு மேல இருக்கிற ஒலிகளை அது மூடிடும். தலைகீழா அந்த அளவுக்கு நடக்காது. அதனால பேஸ் வீங்கின இயர்போன்ல கிட்டார் பின்னாடி போயிடும், குரல் போர்வைக்குள்ளிருந்து பேசற மாதிரி இருக்கும். உடனே கை எங்க போகும்? வால்யூம் பட்டனுக்கு. ஏத்தினா கிட்டாரோட சேர்ந்து பேஸும் ஏறும். மறுபடி மூடும். மறுபடி ஏத்துவீங்க. இந்தச் சுழலுக்குத்தான் நீங்க காசு கொடுக்கறீங்க.

13/ நிமிஷத்துக்கு 200 பீட் வேகத்துல ரெண்டு காலாலயும் பேஸ் டிரம் அடிக்கிறார்னு வைங்க. ஒரு பீட்டுக்கு நாலு அடி. செகண்டுக்கு 13 அடிக்கு மேல. ஒரு அடிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 75 மில்லிசெகண்ட். ஒரு அடி அடங்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. இயர்போன் அந்த இடத்துல "தூம்ம்ம்"னு இழுத்தா, பதிமூணு அடியும் கூழாயிடும். மெஷுக்காவோட 'ப்ளீட்' பாட்டைப் போட்டுப் பாருங்க. ஒவ்வொரு அடியும் தனித்தனியா எண்ற மாதிரி கேட்டா நல்ல இயர்போன். லாரி இன்ஜின் மாதிரி கேட்டா திருப்பிக் கொடுத்துடுங்க.

14/ இன்னொரு சோதனை. 1988ல வந்த '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. மெட்டாலிகா ரசிகர்களுக்கு இந்தக் கதை தெரியும். மிக்சிங்ல ஜேசன் நியூஸ்டெட்டோட பேஸ் கிட்டாரைக் கிட்டத்தட்ட காணாமலே ஆக்கிட்டாங்க. வறண்ட, எலும்பும் தோலுமான ஒலி. இந்த ஆல்பம் உங்க இயர்போன்ல கொழுகொழுன்னு கேட்டுச்சுன்னா, பதிவுல இல்லாததை இயர்போன் தன் கைச்சரக்கா சேர்க்குதுன்னு அர்த்தம்.

15/ "பேஸ் இல்லாம என்ன மெட்டல்?" நியாயமான கேள்வி. பேஸே வேண்டாம்னு நான் சொல்லலை. சத்தம் குறைவா வச்சுக் கேட்கும்போது நம்ம காதுக்கு அடி ஒலி இன்னும் குறைவாத்தான் கேட்கும். அதனால 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ கொஞ்சம் தூக்கல் இருக்கறது நல்லதுதான். ஹார்மன் நிறுவனத்துல ஷான் ஆலிவ் குழு நிறையப் பேரை உட்கார வச்சுக் கேட்க வச்சு, பெரும்பாலானவங்களுக்குப் பிடிக்கிற ஒரு ஒலி வளைவைக் கண்டாங்க. அதுலயும் அடியில தூக்கல் உண்டு. கேள்வி எங்க தூக்கறாங்க, எவ்வளவு தூக்கறாங்கங்கறதுதான்.

16/ நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். இளையராஜா பாட்டுல பேஸ் கிட்டார் தனியா ஒரு பாதை போட்டு நடந்து போகும். ஒவ்வொரு ஸ்வரமும் தெரியும். அது நல்ல பேஸ். பக்கத்து ஷேர் ஆட்டோவுல சீட்டு அதிர்ற மாதிரி போகும்போது என்ன பாட்டுன்னே தெரியாது, அதிர்வு மட்டும் வரும். பெட்டியில எழுதி விக்கிறது பெரும்பாலும் ரெண்டாவது.

17/ இப்ப இந்த திரெட்டோட முக்கியமான இடம். இன்-இயர் வாங்கும்போது பேஸ், டிரைவர் சைஸ், பிராண்டு எல்லாத்துக்கும் முன்னாடி பார்க்க வேண்டியது ஒண்ணுதான்: உங்க காதுத் துவாரத்தை அது சரியா அடைக்குதா? சரியா அடைஞ்சா வெளிச் சத்தம் கணிசமா குறையும். பஸ் இன்ஜினோட போட்டி போட வேண்டியதில்லை. தாழ்ந்த வால்யூம்லயே பாட்டு முழுசா கேட்கும்.

18/ அடைப்பு சரியில்லைன்னா ரெண்டு விஷயம் நடக்கும். வெளிச் சத்தம் உள்ள வரும். உள்ளிருக்கிற பேஸ் வெளிய ஓடிடும். உடனே "இந்த இயர்போன்ல பேஸே இல்ல"ன்னு ரிவ்யூல ஒரு ஸ்டார் போட்டுட்டு, அதைவிடப் பேஸ் தூக்கின ஒண்ணை வாங்குவாங்க. பெட்டியிலயே சின்னது, நடுத்தரம், பெரிசுன்னு மூணு ஜோடி ரப்பர் முனை வந்திருக்கும். அதைப் பிரிச்சே பார்த்திருக்க மாட்டாங்க. தீர்வு பெட்டிக்குள்ளயே கிடக்கும்.

19/ மாட்டறதுக்கும் ஒரு முறை இருக்கு. நாங்க காதுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்க்கும்போது காது மடலைப் பின்பக்கமா மேல இழுப்போம், கவனிச்சிருப்பீங்க. காதுத் துவாரம் வளைஞ்சு இருக்கும், இழுத்தா நேராகும். அதே வேலையைப் பண்ணுங்க. வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேல கொண்டு போய் மடலை மேல், பின் பக்கமா இழுத்து, வலது கையால இயர்போனை உள்ள விட்டு, மடலை விடுங்க. வெளி உலகம் சட்டுனு அடங்கணும். அடங்கலைன்னா வேற சைஸ் முனை. ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ்தான் பொருந்தணும்னு சட்டம் இல்லை. பலருக்கு வேற வேறயாத்தான் இருக்கும்.

20/ அடுத்து, பெட்டி மேல இருக்கிற புளுகுகள். "14 எம்எம் டிரைவர்". பெரிசா இருந்தா நல்லா இருக்கணும்னு இல்லை. சின்ன டிரைவர் வச்ச அருமையான இயர்போன்கள் இருக்கு. "அஞ்சு டிரைவர்". ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு அஞ்சு டிரைவர் போட்டா ஒவ்வொண்ணும் என்ன தரத்துல இருக்கும்னு யோசிங்க. ஒழுங்கா டியூன் பண்ணின ஒரே ஒரு டிரைவர் போதும். "40,000 ஹெர்ட்ஸ் வரை". மனுஷக் காது 20,000 வரைக்கும்தான், அதுவும் சின்ன வயசுல. மிச்சம் வௌவாலுக்கு.

21/ அடுத்த புளுகு இன்னும் மோசம். ப்ளூடூத் பட்ஸ் பெட்டியில "இஎன்சி நாய்ஸ் கேன்சலேஷன்"னு பெரிசா போட்டிருப்பாங்க. இஎன்சிங்கறது நீங்க போன் பேசும்போது உங்க பக்கத்து இரைச்சல் எதிர்ல பேசுறவருக்குப் போகாம பார்த்துக்கிற வேலை. உங்க காதுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்லை. பஸ் இரைச்சலைக் குறைக்கிறது ஏஎன்சி. ரெண்டு எழுத்து ஒத்துப் போகுதுன்னு ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்க வைக்கிற வியாபாரத்தை என்னன்னு சொல்றது?

22/ அப்புறம் எம்ஆர்பி 4,990, நம்ம விலை 999, 80 சதவீதம் தள்ளுபடி. 4,990க்கு அதை யாரும் வாங்கினதே கிடையாது. 999 ரூபாய்ப் பொருள் 999 ரூபாய்ப் பொருள்தான். அந்த 999லயும் பேட்டரி, சார்ஜிங் கேஸ், ப்ளூடூத் சிப், பளபள பெட்டி எல்லாம் அடங்கணும். ஒலிக்குன்னு மிச்சம் எவ்வளவு இருக்கும்? ரெண்டு மூணு வருஷத்துல பேட்டரி படுத்தா மொத்தமும் குப்பை.

23/ அதனால கையில 1,000லிருந்து 2,500 ரூபாய்தான் இருக்குன்னா என் பரிந்துரை கம்பி வச்ச இன்-இயர். கொடுக்கிற காசுல பெரும்பகுதி ஒலிக்குப் போகும். கம்பியைக் கழட்டி மாத்தற வசதி இருக்கிறதா பாருங்க. கம்பிதான் முதல்ல போகும். ரெண்டு முள் வச்ச 0.78 எம்எம் கம்பி தனியா கிடைக்கும், முந்நூறு நானூறுல முடிஞ்சுடும். கம்பியைக் காதுக்கு மேல சுத்தி மாட்டற அமைப்புன்னா அசைஞ்சாலும் அடைப்பு கெடாது.

24/ பேர் சொல்லுங்க டாக்டர்னு கேட்பீங்க. எனக்கு யாரும் காசு கொடுக்கலை, லிங்க்கும் போட மாட்டேன். 2,000 ரூபாய் முன்ன பின்ன வர்ற மூன்டிராப் சூ 2, டாங்ஸூ வானர், 7ஹெர்ட்ஸ் ஜீரோ 2 மூணும் ஒழுங்கா டியூன் பண்ணினவை, கம்பி மாத்தலாம். ஜீரோ 2ல அடி கொஞ்சம் கூடுதல், ராக் கேட்கிறவங்களுக்கு அது போதும். ஆயிரத்துக்குள்ளதான் முடியும்னா கேஇஸட் இடிஎக்ஸ் ப்ரோ. அதுல பேஸ் தூக்கலாத்தான் இருக்கும். கீழ சொல்ற வைத்தியம் பண்ணிக்கலாம். விலை மாறிக்கிட்டே இருக்கும், பார்த்து வாங்குங்க.

25/ போன்ல 3.5 எம்எம் ஓட்டை இல்லைன்னா டைப்-சி டாங்கிள் ஒண்ணு வேணும். இந்த இயர்போன்கள் எல்லாம் கொஞ்சம் மின்சாரத்துலயே உரக்க ஒலிக்கிறவை. பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்குன்னு யூடியூப்ல சொன்னா காதுல வாங்காதீங்க. உங்க போன் தள்ளறதே காதைக் கெடுக்கப் போதுமானது.

26/ ஏற்கனவே பேஸ் இயர்போன் வாங்கிட்டீங்களா? தூக்கிப் போடாதீங்க. வைத்தியம் இலவசம். ஆண்ட்ராய்டுல வேவ்லெட் மாதிரி ஈக்வலைசர் ஆப் இருக்கு, பல மாடல்களுக்குத் திருத்தம் அதிலேயே இருக்கும். உங்க மாடல் இல்லைன்னா 125, 250 ஹெர்ட்ஸ் ரெண்டையும் 3லிருந்து 5 டெசிபல் வரைக்கும் இறக்குங்க. ஒரு விதி: குறையா இருக்கிறதை ஏத்தாதீங்க, அதிகமா இருக்கிறதை இறக்குங்க. கிட்டார் முன்னாடி வரும். வால்யூமை நீங்களே குறைப்பீங்க.

27/ ஸ்பாட்டிஃபைல வால்யூம் நார்மலைசேஷன்னு ஒரு செட்டிங் இருக்கு. ஆடியோ ரசிகர்கள் சிலர் அதை அணைக்கச் சொல்வாங்க. அணைக்காதீங்க. பழைய பிளாக் சபாத் ஆல்பத்துக்குச் சரியா வச்ச வால்யூம்ல அடுத்த பாட்டா ஒரு நவீன டெத் மெட்டல் வந்து காதைப் பிளக்காம இருக்க அதுதான் காவல்.

28/ "60 சதவீத வால்யூம், 60 நிமிஷம்"னு ஒரு விதி வாட்ஸ்அப்ல சுத்துது. நல்ல எண்ணம்தான். ஆனா எதோட 60 சதவீதம்? ஒரு இயர்போன்ல 60 வச்சா 75 டெசிபல், இன்னொண்ணுல 95. அதைவிட எளிய வழி சொல்றேன். ராத்திரி ஃபேன் மட்டும் ஓடற அறையில உட்கார்ந்து, பாட்டு வசதியா கேட்கிற அளவுக்கு வால்யூம் வைங்க. அந்த எண்ணை மனசுல குறிச்சுக்கோங்க. வெளிய போனாலும் அந்த எண்ணைப் பெருசா தாண்டாதீங்க. பஸ்ஸுல அது பத்தலைன்னா கோளாறு வால்யூம்ல இல்லை, காது அடைப்புல. முனையை மாத்துங்க.

29/ ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் ஷிஃப்ட்டுக்குப் போற தம்பிகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. 85 டெசிபல்ல 8 மணி நேரம்தான் ஒரு நாளைக்கு எல்லைன்னு அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு தொழிலாளிகளுக்குச் சொல்லுது. மெஷின் பக்கத்துல நிக்கிற உங்களுக்கு அந்த எல்லை ஷிஃப்ட்டுலயே முடிஞ்சுடும். அதுக்கு மேல பஸ்ல கேட்கிற ஒவ்வொரு பாட்டும் கடன். கம்பெனி கொடுக்கிற காது அடைப்பானைப் பாக்கெட்டுல வைக்காம காதுல வைங்க. கொடுக்கலைன்னா கேட்டு வாங்குங்க. பாட்டு கேட்கிற உரிமையை அதுதான் காப்பாத்தும்.

30/ "எனக்குப் பழகிடுச்சு டாக்டர், ஒண்ணும் ஆகலை". காது பழகாது. உரக்கக் கேட்டு முடிச்சதும் பஞ்சு வச்ச மாதிரி மந்தமா இருந்து, மறுநாள் சரியாகுதே, அது காது கொடுக்கிற எச்சரிக்கை. சரியாயிடுச்சுன்னு நினைக்கறீங்க. திரும்பத் திரும்ப நடந்தா ஒரு நாள் சரியாகாம அப்படியே நின்னுடும்.

31/ உங்க ஹீரோக்களையே பாருங்க. மெட்டாலிகா டிரம்மர் லார்ஸ் உல்ரிச் காது இரைச்சலோட வாழறவர், வெளிப்படையா சொல்லியிருக்கார். ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன் 2016ல சுற்றுப்பயணத்தைப் பாதியில விட்டார். தொடர்ந்தா கேட்கும் திறனே போயிடும்னு டாக்டர்கள் எச்சரிச்சாங்க. தி ஹூ இசைக்குழுவோட பீட் டவுன்ஷெண்ட் தன் காது கெட்டதுக்கு ஸ்டுடியோவுல மாட்டின ஹெட்போன் மேலதான் பழி போட்டார். அவங்களுக்காவது அது தொழில். உங்களுக்கு எதுக்கு?

32/ சுகாதாரம் பத்தி ரெண்டு வரி. ரப்பர் முனையை வாரம் ஒரு தடவை கழட்டி சோப்புத் தண்ணியில கழுவி, நல்லா காய வச்சு மாட்டுங்க. குளிச்ச ஈரக் காதுல மாட்டாதீங்க. நம்ம ஊர் புழுக்கத்துக்குக் காதுல பூஞ்சை வர அது போதும். அடுத்தவங்களோட மாத்திக்காதீங்க. பட்ஸ், ஹேர்பின், சாவி, தேங்காயெண்ணெய் எதையும் காதுக்குள்ள விடாதீங்க. ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைஞ்சா முதல்ல இயர்போன் வலையில அழுக்கு அடைச்சிருக்கான்னு பாருங்க. எல், ஆர் மாத்தி மாட்டியும் அதே காதுல குறைவா கேட்டா பிரச்சனை காதுல.

33/ எப்ப ஆஸ்பத்திரிக்கு வரணும்? உரக்கக் கேட்டபின் இரைச்சல் ஒரு நாளைத் தாண்டினா வாங்க. ஒரு காது திடீர்னு கேட்காமப் போனா அன்னிக்கே ஓடி வாங்க. அதுக்கு சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சாத்தான் பலன், "சளியா இருக்கும்"னு வாரக்கணக்குல காத்திருக்காதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல இஎன்டி பிரிவுலயே ஆடியோகிராம் எடுப்பாங்க. வெளியில செலவு பண்ண வேண்டியதில்லை. தினமும் இயர்போன் மாட்டறவங்க ஒரு தடவை எடுத்து வச்சுக்கோங்க. பின்னாடி ஒப்பிட உதவும்.

34/ சாலையில கண்டிப்பு. நல்லா அடைக்கிற இன்-இயர் ஹாரனையும் அடைக்கும். பைக் ஓட்டும்போது, ரோடு கடக்கும்போது, தண்டவாளம் பக்கத்துல கழட்டிப் பாக்கெட்டுல போடுங்க. இதுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஒரு காதுல மட்டும் மாட்டறேங்கறதும் வேண்டாம்.

35/ கடைசியா வியாபாரிகளுக்கு. சிகரெட் பெட்டியில படம் போட வைக்கிற நாட்டுல, காதைக் கெடுக்கிற அளவுக்கு ஒலிக்கிற சாதனத்தோட பெட்டியில ஒரு வரி எச்சரிக்கை போட என்ன கஷ்டம்? எத்தனை டெசிபல் வரைக்கும் போகும்னு "எக்ஸ்ட்ரா பேஸ்" எழுதின அதே சைஸ் எழுத்துல போடுங்க. காதுக்கான பாதுகாப்பான அளவை உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து எழுதி வச்சு வருஷக்கணக்காச்சு. படிச்சுப் பாருங்க.

36/ வாங்கறவங்களுக்கு மொத்தமும் நாலு வரியில. பேஸ்னு கத்தற பெட்டியை விடுங்க. கம்பி வச்சது, கம்பி மாத்த முடிஞ்சது, காதை ஒழுங்கா அடைக்கிறது வாங்குங்க. முனையைப் பொருத்தமா போட்டு, மடலை இழுத்து மாட்டுங்க. அமைதியான அறையில வச்ச எண்ணைத் தாண்டாதீங்க. இது போதும். 55 வயசுலயும் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' போட்டு சிம்பல் சத்தத்தைக் கேட்டு ரசிக்கலாம், பேரன் பேத்தி கூப்பிட்டாலும் காதுல விழும்.

கம்பெனி பஸ்ஸுல காதுல இயர்போனோட போற ஒருத்தராவது உங்க நட்பு வட்டத்துல இருப்பாங்க. அவங்களுக்கு இதை அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.